ஆண்டவர் எந்தத் தமிழ்ல பேசுவார்?

"உலகத்துல இருக்கிறவன் குரல் எல்லாம் தெரியுது, ஆண்டவர் குரல் மட்டும் தெரியமாட்டேங்குதே!"

எங்க அத்தை இதைச் சொல்லாத நாளே கிடையாது. பஸ் லேட்டாச்சுன்னு ஆரம்பிப்பாங்க, இங்க வந்து முடிப்பாங்க. செருப்பு வார் அறுந்துபோச்சுன்னு ஆரம்பிப்பாங்க, அதுவும் இங்கதான் வந்து முடியும். ஒரு நாள் குழாயில தண்ணி வரலைன்னு ஆரம்பிச்சு இதுல வந்து நின்னப்போ, மாமா தையல் மிஷினை நிறுத்திட்டுக் கேட்டார்: "ஏம்மா, இப்ப நான் குழாய் ரிப்பேர்காரனைக் கூப்பிடணுமா, பாஸ்டரைக் கூப்பிடணுமா?"

"ரெண்டு பேரையும் கூப்பிடுங்க. ரெண்டும் அடைப்புதான்!"

சும்மா சொல்லக்கூடாது, அந்தப் புலம்பல்ல ஒரு நியாயம் இருந்துச்சு. அத்தைக்குப் பொழப்பே காதுலதான். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில டெலிபோன் ஆபரேட்டர். மாடிப்படிக்குக் கீழ ஒரு அறை, ஜன்னல் கிடையாது, சுத்துற நாற்காலி, இடுப்புக்கு ஒரு சின்னத் தலகாணி. எதிர்ல இருக்கிற பெட்டியில வரிசையா லைட்டு மினுக்கும். ஹெட்போனை மாட்டிக்கிட்டு அத்தை பேச ஆரம்பிச்சா, "வணக்கம், ஆஸ்பத்திரி. யாருக்கு லைன் வேணும்?" பாதி மூக்குல, பாதி தொண்டையில, கடைசி 'ணும்'ல மட்டும் ஒரு தூக்கு. நான் அதே ஆஸ்பத்திரியில பில் கவுன்டர். கூட்டம் கடுப்பாகும்போது இந்தக் குரலை எடுத்து விட்டேன்னா பில்லு கட்ட வந்தவங்க கூட சிரிச்சுடுவாங்க.

ஆனா அத்தையை மட்டும் என்னால ஏமாத்த முடிஞ்சதே இல்ல. பாஸ்டர் குரல்ல போன் போட்டேன். எக்ஸ்ரே ரூம் கரகரப்பு அண்ணன் குரல்ல போட்டேன். பல் டாக்டர் குரல்ல, வாயில பஞ்சு வச்சுக்கிட்டுக்கூட போட்டேன். "கவுன்டர்ல கூட்டம் இல்லையாடி?"ன்னு கேட்டுட்டு டொக்குனு வச்சுடுவாங்க. ஒருத்தர் 'ஹலோ' சொல்றதுக்கு முன்னாடி விடுற மூச்சுலயே ஆளைச் சொல்லிடுவாங்க. சளி பிடிச்சிருக்கா, தூக்கம் கலையலையா, வீட்டுல சண்டையா, எல்லாம் தெரியும்.

இப்படிப்பட்ட காதுல ஆண்டவர் குரல் ஏன் விழலை? விஷயம் என்னன்னா, அவர் எப்படிப் பேசுவார்னு அத்தை முன்கூட்டியே முடிவு பண்ணி வச்சிருந்தாங்க. கோயில்ல சின்ன வயசுலேருந்து கேட்ட தமிழ் இருக்கே, 'இருப்பாயாக', 'மெய்யாகவே', 'வாசலண்டையில்', அந்தத் தமிழ்லதான் அவர் பேசியாகணும். இவங்களும் அவர்கிட்ட அப்படித்தான் பேசுவாங்க. மாமாகிட்ட "என்னங்க, காது அவிஞ்சு போச்சா?"ன்னு கேக்குற வாய், முழங்கால் போட்ட அடுத்த நொடி "கிருபையுள்ள பிதாவே, அடியாளின் விண்ணப்பத்துக்குச் செவிசாய்த்தருளும்"னு மாறிடும். அதே வாய், அதே பல்லு.

நான் இருக்கிறது அத்தை வீட்டுக்கு மேல் மாடி. படியிறங்குற வழியில அவங்க சமையலறை ஜன்னல். விடியக்காலையில அங்க நாற்காலியில கையை ஊனி முழங்கால் போட்டு, சத்தமாத்தான் ஜெபம் பண்ணுவாங்க. அதனால எல்லாம் எனக்கு அத்துப்படி. நடுநடுவுல திடீர்னு தமிழ் மாறும். "பிதாவே, அடியாளின் வீட்டை... சீ, சும்மா இரு! ஜெபம் பண்றேன்ல?"

யாரை அதட்டுறாங்கன்னு எனக்கு ரொம்ப நாள் புரியலை. பூனைன்னு நினைச்சேன். பூனையே கிடையாது அந்த வீட்டுல.

ஜெபம் முழுக்க ஒரே விஷயத்துக்குத்தான். வாலு. அத்தையோட ஒரே பொண்ணு, என் கூட்டாளி. தொட்டில்லேருந்து பண்ணின சேட்டைக்கு அவளை எல்லாரும் வாலுன்னுதான் கூப்பிடுவோம். அத்தை தலைகீழா நின்னு அவளுக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் வாங்கிக் குடுத்தாங்க. அவ பாதியில விட்டுட்டு வந்து நின்னா. "ம்மா, ரத்தத்தைப் பாத்தா எனக்கு மயக்கம் வருதும்மா. வண்டியைப் பாத்தாத்தான் தெளியுது." பஸ் ஓட்டக் கத்துக்கிட்டா. வெளியூர் போற பெரிய பஸ். அன்னைக்கு அத்தை வாசல்ல நின்னு தெருவே கேக்குற மாதிரி சொன்னாங்க: "அந்த ஸ்டீயரிங்கை விட்டுட்டு வந்தாத்தான் உனக்கு இந்த வீடு!"

வாலு பையைத் தூக்கித் தோள்ல போட்டா. "சரிம்மா"ன்னா. அவ்வளவுதான். ரெண்டு வருஷம் ஓடிப்போச்சு.

மாமா மட்டும் அவகூட பேசிக்கிட்டு இருந்தார். வீட்டு முன்னறையில உக்காந்து ஆஸ்பத்திரிக்கு உடுப்பு தைக்கிறவர் அவர். மிஷினை வேகமா மிதிப்பார், அந்தக் கடகடச் சத்தத்துக்கு அடியில போனைக் கழுத்துல இடுக்கிக்கிட்டு, "சாப்பிட்டியாம்மா? டயர் பாத்தியாம்மா?" துணியே இல்லாம மிஷின் மட்டும் ஓடும். ஊர்க்குரல் எல்லாம் பிரிச்சுச் சொல்ற அத்தைக்கு இது கேக்காதா? உள்ளே காய் நறுக்குற கத்தி நின்னுடும். போன் வச்சப்புறம்தான் மறுபடி ஓடும். ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசினதே இல்ல.

ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைப் பாத்துக்கிட்டே மாமா சொன்னார்: "வாலுக்கு வெளிநாட்டுல பஸ் ஓட்ட வேலை கிடைச்சிருக்காம். அடுத்த வாரம் கிளம்புறாளாம்."

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"...காத்துல கேட்டேன்."

"காத்து எப்ப திரும்பி வருமாம்?"

"ஒப்பந்தம் மூணு வருஷம். அங்கேயே இருந்துடலாம்னு பாக்குறாளாம். இங்க யாரு இருக்கான்னு கேக்குறா, என்னத்தைச் சொல்ல?"

அத்தை தட்டுல கை கழுவிட்டாங்க. சாப்பாடு அப்படியே இருந்துச்சு.

அடுத்த நாள்லேருந்து ஜெபம் சும்மா அனல் பறந்துச்சு. உபவாசம் வேற. வெறும் தண்ணி. புதன்கிழமை ஜெபக்கூட்டத்துல மைக் அக்காகிட்ட போய் நின்னாங்க. அந்தக் கூட்டத்தை நடத்துறவங்க அவங்க. நல்ல மனுஷி, ஆனா மைக்கை யார் கையிலயும் குடுக்கமாட்டாங்க. சின்ன அறையில பத்து பேர் உக்காந்திருந்தாலும் மைக்தான். "ஆண்டவர் குரல் கேக்கணுமா சிஸ்டர்? அமைதி! அமைதியா இருக்கணும்!"னு அவங்க மைக்ல சொன்னதுல ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துச்சு.

ஆனா அத்தை சந்தோஷமாத்தான் திரும்பி வந்தாங்க. "கேட்டுச்சுடி! எனக்குக் கேட்டுச்சு!"

"என்ன அத்தை கேட்டுச்சு?"

முகத்தை நிமித்தி, குரலைக் கனமாக்கிச் சொன்னாங்க: "'மகளே, கலங்காதே. நீ நீதியாய் நடந்தாய். அவளோ மனங்கசந்து உன் வாசலண்டையில் வந்து நிற்பாள். நீயோ அமர்ந்திரு.'"

"அட, ஜோரா இருக்கே. அப்ப நிம்மதிதானே?"

அத்தை புடவை முந்தானையை முறுக்கிக்கிட்டே உள்ள போயிட்டாங்க. நிம்மதியா இருக்கிறவங்க அப்படி முறுக்க மாட்டாங்க.

இது நடந்து ரெண்டாம் நாள், மத்தியான சாப்பாட்டு நேரம். நான் என் ரொட்டியை எடுத்துக்கிட்டு அத்தை அறைக்குப் போய் ஓரமா உக்காந்திருந்தேன். ஒரு லைட்டு மினுக்குச்சு. ஸ்பீக்கர்ல போட்டிருந்தாங்க, எனக்கும் கேட்டுச்சு. எங்க ஆஸ்பத்திரி பெரிய டாக்டர் குரல்.

"வணக்கம் சகோதரி. நான் இம்மருத்துவமனையின் தலைமை மருத்துவர் பேசுகிறேன். தங்களைப் போன்ற பொறுப்புள்ள ஊழியரைக் காண்பது அரிது. மூன்றாம் மாடியில் சேர்ந்துள்ள தொழிலதிபரின் வீட்டுத் தொலைபேசி எண்ணைச் சற்றுத் தெரிவிக்கவும்."

"ராங் நம்பர்"னு அத்தை வச்சுட்டாங்க.

ரொட்டி எனக்குத் தொண்டையில நின்னுடுச்சு. "அத்தை! பெரிய டாக்டரையா கட் பண்ணினீங்க?"

"பெரிய டாக்டரா? எவனோ நியூஸ் தேடுற பேப்பர்காரன்."

"குரல் அச்சு அசலா அவர்தானே? தொழில் தெரிஞ்சவ சொல்றேன், அப்படி ஒரு மிமிக்ரி எனக்கே வராது."

"குரல் சரிதான்டி. யாரு இல்லைன்னா? குரலை எவன் வேணா பண்ணலாம், நீயே பண்ணுவே. பெரிய டாக்டர் என்னைக்குடி எங்கிட்ட தன் பதவியைச் சொல்லியிருக்கார்? என்னைக்கு என்னைப் புகழ்ந்திருக்கார்? அவர் போன் பண்ணினா எனக்கு ஒரு வேலை இருக்கும், அவ்வளவுதான்."

அப்பவே அடுத்த லைட்டு. இந்தத் தடவை நெஜமான பெரிய டாக்டர். "நான்தாம்மா. ஆபரேஷன் தியேட்டருக்கு லைன் போடு."

"போடுறேன் டாக்டர்."

போட்டாங்க. போட்ட கை அப்படியே பட்டன் மேல நின்னுடுச்சு. பெட்டியில ஒரு லைட்டு மினுக்குது, ரெண்டாவது மினுக்குது, நாலஞ்சு மினுக்குது. அத்தை அசையலை. இத்தனை வருஷத்துல அந்த அறையில மணி அடிக்க விட்டு நான் பாத்ததே இல்ல.

"அத்தை? உடம்புக்கு என்ன பண்ணுது?"

"ஒண்ணும் இல்லடி"ன்னாங்க. குரல் எங்கேயோ இருந்துச்சு. "நீ போ. உன் கவுன்டரைப் பாரு."

சாயங்காலம் வேலை முடிஞ்சு ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் நடந்து வந்தோம். பஸ் லேட், செருப்பு, குழாய், ஒரு புலம்பலும் இல்ல. எனக்கே பயமாயிடுச்சு. வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட இறக்காம சமையலறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க. நானும் மாமாவும் வெளியில. ஜெபச் சத்தமே வரலை. 'பிதாவே' இல்ல, 'அடியாள்' இல்ல. மாமா மிஷினை நிறுத்திட்டுக் கதவையே பாத்துக்கிட்டு இருந்தார்.

கொஞ்ச நேரம் கழிச்சுக் கதவு திறந்துச்சு. "ஏங்க, அந்த நம்பரைக் குடுங்க."

"எந்த நம்பர்?"

"துணி இல்லாம மிஷின் ஓட்டிக்கிட்டே பேசுவீங்களே, அந்த நம்பர்."

மாமா முகம் போன போக்கை நான் இன்னும் பண்ணிப் பாக்குறேன், வரமாட்டேங்குது.

நான் விடலை. "அத்தை, உள்ள என்ன நடந்துச்சு? சொல்லாம நம்பர் கிடையாது."

அத்தை நாற்காலியில உக்காந்தாங்க. "அந்தப் பெரிய தமிழ்க் குரல் வந்துச்சுடி. 'நீ நீதியாய் நடந்தாய், அமர்ந்திரு'ன்னுச்சு. நான் திருப்பிக் கேட்டேன்: எம்மேல ஒரு தப்புகூட இல்லையா? வந்த நாள்லேருந்து என்னைப் புகழ்றதும், என் பொண்ணைக் குத்தம் சொல்றதும்தான். அது யாரு தெரியுமா? நான்தான்டி. எனக்கு நானே பண்ணிக்கிட்ட மிமிக்ரி. நம்ம பரம்பரைக்கே அந்த வியாதி இருக்கு போல."

"அப்ப நெஜக் குரல் எது?"

"இன்னொண்ணு வரும், தினமும். ஜெபத்துக்கு நடுவுல, ரெண்டே வார்த்தை. 'போன் போடு.' கேஸை அணைச்சியா, துணி எடுத்தியான்னு மனசுல குறுக்க ஓடுமே, அந்த மாதிரி ஏதோ ஒண்ணுன்னு நினைச்சு வாயை மூடுன்னு அதட்டுவேன்."

பூனை யாருன்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது.

"ஆண்டவர் 'போன் போடு'ன்னா சொல்வார்? 'அழைப்பாயாக'ன்னுதானே சொல்லணும்? அப்படி நினைச்சேன் முட்டாள் மாதிரி. இன்னைக்குச் சும்மா உக்காந்து யோசிச்சேன். ரெண்டு வருஷமா அதே ரெண்டு வார்த்தை. ஒரு தடவை கத்தலை. பயமுறுத்தலை. நான் வாயை மூடுன்னா மூடிக்கும், மறுநாள் காலையில மறுபடி அதையே சொல்லும். கோவமே இல்லாம. நீயே சொல்லு, நான் அவ்வளவு பொறுமைசாலியா? அது என் குரலா இருக்க வாய்ப்பே இல்லடி."

மாமா வாயைத் திறந்தார், மூடிக்கிட்டார். புத்திசாலி.

"அதோட, அவர் மனசு என்னன்னு வேதத்துல இருக்குல்ல? காணிக்கை வைக்க வந்தவன்கிட்டகூட, அதை அப்படியே போட்டுட்டு, மொதல்ல போய் சமாதானம் பண்ணிட்டு வான்னுதானே சொன்னவர் அவர்? அப்படிப்பட்டவர் என்னை உக்காந்திருன்னா சொல்வார்? போன் போடுன்னுதான் சொல்வார். இத்தனைக்கும் நான் ஆபரேட்டர். ஊருக்கே போன் போட்டுக் குடுக்குறேன். என் பொண்ணுக்கு ஒரு போன் போடலை." அத்தை கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. "நம்பரைக் குடுங்க."

நம்பரை அழுத்தினாங்க. ஸ்பீக்கர்ல மணி அடிக்குது. எடுத்தாச்சு.

"ஹலோ?" வாலு குரல். பின்னாடி பஸ் ஸ்டாண்டு இரைச்சல்.

அத்தை வாயைத் திறந்தாங்க. பயத்துல, பழக்கத்துல, அவங்களையும் அறியாம வந்துச்சு, பாதி மூக்குல, பாதி தொண்டையில: "வணக்கம், ஆஸ்பத்திரி. யாருக்கு லைன் வேணும்?"

மாமா தலையில கை வச்சுக்கிட்டார்.

அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும். ஒரு பஸ் கிளம்புற சத்தம். போச்சு, வச்சுடப் போறான்னு நினைச்சேன். அப்புறம் ரொம்ப மெதுவா வாலு சொன்னா:

"எங்கம்மாவுக்கு."

அப்பவும் அத்தைக்குள்ளேருந்து ஆபரேட்டர் போகலை. "லைன்ல... லைன்லயே இருங்க. வச்சுடாதீங்க." அதோட உடைஞ்சுட்டாங்க. "அம்மாதாண்டி பேசுறேன். என் தப்புதாண்டி. ஸ்டீயரிங்கும் வேணும், நீயும் வேணும். வாடி வீட்டுக்கு."

அதுக்கப்புறம் ரெண்டு பக்கமும் ஒரே அழுகை. எது யார் அழுகைன்னு பிரிச்சுச் சொல்ல அத்தையால கூட முடிஞ்சிருக்காது.

வாலு மறுநாளே வந்தா. நடந்து இல்ல. அவ ஓட்டுற அந்தப் பெரிய பஸ், டிப்போவுக்குப் போற வழியில எங்க தெரு முனையில வந்து நின்னு, ஹாரன் அடிச்சுச்சு பாருங்க, தெருவே வாசலுக்கு வந்துடுச்சு. அத்தை செருப்புகூடப் போடாம ஓடினாங்க. படியில நின்னுக்கிட்டு வாலு கையை நீட்டினா. "ஏறும்மா. ஸ்டீயரிங்கை விட்டுட்டு வரலை, ஸ்டீயரிங்கோடவே வந்திருக்கேன்."

"வாலு, வாலு! அந்த வால் சுருங்கவே இல்ல பாரு!"

மாமா, நான், அக்கம்பக்கத்துப் பிள்ளைங்க எல்லாரும் ஏறிக்கிட்டோம். அத்தை முன் சீட்டு. பஸ்ல நிறுத்தம் சொல்றதுக்கு ஒரு மைக் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. கை சும்மா இருக்குமா? எடுத்துட்டாங்க. "பயணிகள் கவனத்துக்கு. இந்த பஸ்ஸை ஓட்டுறது என் பொண்ணு. மறுபடி சொல்றேன், இந்த பஸ்ஸை ஓட்டுறது என் பொண்ணு." டிப்போ வரைக்கும் வழியெல்லாம் அதே அறிவிப்பு. சிக்னல்ல பக்கத்துல நின்ன சைக்கிள்காரர்கிட்டகூட ஜன்னல் வழியா சொன்னாங்க.

வாலு வெளிநாட்டுக்குப் போனா. போகாதேன்னு அத்தை சொல்லலை. ஏர்போர்ட்ல தலையில கை வச்சு ஜெபம் பண்ணி அனுப்பினாங்க. பாதி பழைய தமிழ், பாதி நம்ம தமிழ்: "பிதாவே, உம்முடைய அடியாளை... பத்திரமா பாத்துக்கோங்கப்பா." இப்ப தினமும் விடியக்காலையில போன். மாமா மிஷினைத் துணியோடதான் ஓட்டுறார்.

அதுக்காக அத்தைக்கு எல்லாம் தெளிவாக் கேக்குதுன்னு நினைச்சுடாதீங்க. "அவர் குரல்தான்"னு ஒரு நாள் குடை எடுத்துட்டுப் போய், வெயில்ல காஞ்சு வந்தாங்க. "அது நானா நினைச்சது. எல்லாத்தையும் அவர் தலையில கட்டக்கூடாது"ன்னு சிரிச்சாங்க. ஆனா காலையில ஜெபத்துக்கு நடுவுல இப்பெல்லாம் அதட்டல் கிடையாது. நீளமா ஒரு அமைதி. அதுக்கப்புறம், "சரிப்பா, செய்யுறேன்"னு ஒரு குரல். அந்தக் குரலை நான் எவ்வளவோ முயற்சி பண்ணிட்டேன். அதுல இருக்கிற நிம்மதி எனக்கு வரமாட்டேங்குது.

போன ஞாயித்துக்கிழமை கோயில்ல சாட்சி சொல்ல அத்தையை எழுப்பினாங்க. மைக்கைக் கையில குடுக்கிறதுக்கு முன்னாடி மைக் அக்கா காதோட காதா, ஆனா மைக் ஆன்ல இருக்கிறது தெரியாம, சபை முழுக்கக் கேக்குற மாதிரி ரகசியம் சொன்னாங்க. "சிஸ்டர், 'போன் போடு'ன்னு ஆண்டவர் சொன்னதா அப்படியே சொல்லாதீங்க, மரியாதையா இல்ல. 'மகளே, நீ அவளை அழைப்பாயாக என்று உரைத்தார்'னு கொஞ்சம் அழகுபடுத்திச் சொல்லுங்களேன்."

அத்தை மைக்கை வாங்கிக்கிட்டுச் சொன்னாங்க:

"அக்கா, பெரியவங்க சொன்னதைச் சொன்னபடி சேக்குறதுதான் என் பொழப்பு, நடுவுல நான் அழகுபடுத்தினா வேலையை விட்டே தூக்கிடுவாங்க. அவர் போன் போடுன்னார், போட்டேன், என் பொண்ணு எடுத்தா. அதுல மரியாதை கம்மின்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம், அவர்கிட்டயே கேட்டுடுங்க. லைன் போட்டுத் தரவா?"